பாறைக்கு அடியில் தொங்கிய நீளக்கால் ஈ

மூன்று மணி நேரம் ஏறிய களைப்பில், ஓடையில் காலை நனைக்கலாம் என்று குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன். ஓர் ஆள் உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்து நுரைத்து ஓடும் இடம். பக்கத்திலேயே துருத்திக்கொண்டு ஒரு பாறை. அந்தப் பாறையின் அடிப்பக்கத்தில், சாரல் பட்டும் படாமலும் இருந்த ஓரத்தில், கொசு மாதிரி ஒன்று முன்னங்கால்களால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கொசு மாதிரி என்றால் உடம்பு மட்டும்தான், கால்கள் உடம்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம், பின்னங்கால்கள் அதிலும் நீளமாக ஒரு வளைவோடு கீழே தொங்கின. காற்றடிக்கும்போது மொத்தமும் ஊஞ்சல் மாதிரி ஆடியது, ஆனால் பிடியை விடவில்லை.

கூட வந்த நண்பன், "டேய், ஒரு கொசுவுக்குப் போய் மல்லாக்கப் படுத்துக்கிட்டு போட்டோ எடுக்குறியே" என்றான். உண்மையிலேயே மல்லாந்துதான் படுத்திருந்தேன், பாறை அவ்வளவு தாழ்வு. முதுகு முழுக்க நனைந்தது, போனில் மாட்டிய மேக்ரோ லென்ஸில் நொடிக்கொரு தரம் சாரல் படிந்தது, சட்டையும் ஈரம் என்பதால் எதை வைத்துத் துடைப்பது என்றே தெரியவில்லை. எடுத்த இருபத்து மூன்று படத்தில் நான்குதான் தேறின.

வீட்டுக்கு வந்து அந்த நான்கையும் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. இறக்கையில் வழக்கமான நரம்புகள் இருந்தன, சரி. அவற்றுக்கு நடுவே, நரம்பைவிட மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. செல்லோபேன் தாளைக் கசக்கி விரித்தால் எப்படி இருக்குமோ அப்படி. லென்ஸில் கீறல் என்று நினைத்தேன், ஆனால் பாறையில் அந்தக் கோடுகள் இல்லை. அப்புறம் சிலந்தி நூல் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணுக்குப் பிடிக்காத விவரத்துக்கு ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி ஒதுக்கிவிடுவது என் பழைய வியாதி.

படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்றில் போட்டேன். முதல் பதில் கிரேன் ஃப்ளை. நீளக்கால் பூச்சி, இரவில் விளக்கைச் சுற்றித் தடுமாறிப் பறந்து சுவரில் மோதும், பலரும் ராட்சதக் கொசு என்று பயந்து அடித்துவிடுவார்கள், பாவம் அது யாரையும் கடிக்காது. இரண்டாவது பதில், கொசு. இந்தச் செயலிகளை நான் குறை சொல்லமாட்டேன், பூவுக்கும் பறவைக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஈ விஷயத்தில் அவை ஜாடையைப் பார்த்துத்தான் சொல்கின்றன, ஈக்களின் உலகத்திலோ ஜாடை கிட்டத்தட்ட எதற்கும் உதவாது. இதுவரை பெயர் வைத்து விவரித்த ஈ இனங்களே ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் தேனீ மாதிரி இருப்பது உண்டு, குளவி மாதிரி இருப்பது உண்டு, எறும்பு மாதிரி இருப்பதும் உண்டு.

முதலில் அது ஈதானா என்பதே ஒரு கேள்வி. ஓடைப் பக்கம் பறப்பதில் பாதி ஈ கிடையாது. ஆங்கிலத்தில் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை என்று பெயரில் ஃப்ளையை ஒட்டி வைத்திருப்பார்கள், ஒன்றுகூட ஈ இல்லை. (பூச்சியியல்காரர்கள் உண்மையான ஈ என்றால் ஃப்ளை என்ற சொல்லைப் பிரித்தும், இல்லையென்றால் சேர்த்தும் எழுதுவார்கள். எழுத்துக்கூட்டலைப் பார்த்தே பாதி அடையாளம் கண்டுவிடலாம், இது தெரிந்த அன்று எனக்கு ஒரே சிரிப்பு.) உண்மையான ஈக்கு இறக்கை ஒரே ஜோடிதான். டிப்டெரா என்ற வரிசைப் பெயருக்கே இரண்டு இறக்கை என்றுதான் பொருள். இரண்டாவது ஜோடி இருக்கவேண்டிய இடத்தில் குட்டியான குமிழ் வைத்த இரண்டு காம்புகள் இருக்கும், ஹால்ட்டியர் என்பார்கள். பறக்கும்போது இறக்கைக்கு எதிர்த்திசையில் இவை அடித்துக்கொண்டே இருக்கும், உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஈக்குச் சொல்வது இவைதான். என் மூன்றாவது படத்தில், இறக்கைக்குப் பின்னால், குண்டூசித் தலை மாதிரி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஆக ஈதான்.

அடுத்து, கிரேன் ஃப்ளையா? அதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கிரேன் ஃப்ளையின் முதுகில், இரண்டு இறக்கைகளுக்கும் முன்னால், ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு பள்ளம் பளிச்சென்று இருக்கும். தலை உச்சியில் தனிக்கண்கள் இருக்காது. தனிக்கண் என்பது பெரிய கூட்டுக்கண்கள் இரண்டையும் தவிர பல பூச்சிகளுக்கு நடுமண்டையில் இருக்கும் மூன்று சின்னப் புள்ளிக்கண்கள். என் படங்களில் முதுகே தெரியவில்லை. அது தொங்கியதோ பாறைக்கு அடியில், நான் படுத்ததோ அதற்குக் கீழே, எல்லாப் படமும் வயிற்றுப் பக்கம்! இனிமேல் பூச்சியைப் படமெடுக்கும் எவரும் முதுகு, பக்கவாட்டு, முகம், விரித்த இறக்கை என்று நான்கையும் எடுத்துவிட்டு அப்புறம் அழகுக்கு எடுங்கள். நான் அழகுக்கு மட்டும் எடுத்துவிட்டு வந்திருந்தேன்.

நடுவில் எனக்கு ஒரு பேராசையும் வந்தது. மலை ஓடைகளில் மட்டும் இருக்கும் டியூட்டரோஃபிளிபியிடே என்று ஒரு குட்டிக் குடும்பம் உண்டு. அதில் ஆணின் உணர்கொம்பு உடம்பைப்போல் நான்கு மடங்குவரைகூடப் போகும், வளர்ந்த பூச்சிக்கு வாயே கிடையாது, சில மணி நேரம் பறந்து இணைசேர்ந்து செத்துப்போகும். அதுவாக இருந்தால் எப்படி இருக்கும்! பதினைந்து நிமிடம் அந்த நினைப்பிலேயே கிடந்தேன். ஆனால் என் ஈயின் உணர்கொம்பு தலையைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீண்டிருந்தது. ஆசை அதோடு சரி.

கடைசியில் நீர்ப்பூச்சிகளிலேயே வருடக்கணக்காகக் கிடக்கும் அக்கா ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். பெயர் கேட்டால் பெயர் சொல்லமாட்டார், பதிலுக்குக் கேள்விதான் வரும்.

"இறக்கையில இருக்குற அந்தக் கோடு நரம்பா, மடிப்பா?"

"சிலந்தி நூல்னு நினைச்சேங்க்கா."

"ரெண்டு இறக்கையிலயும் ஒரே மாதிரியா நூல் ஒட்டுமா?"

திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது இறக்கையில் எங்கே எப்படிக் கோடு ஓடியதோ, வலது இறக்கையிலும் அதே இடத்தில் அதே மாதிரி, கண்ணாடியில் பார்ப்பதுபோல. இதை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். பார்த்திருந்தேனே ஒழிய கவனிக்கவில்லை.

"இது எப்படி வந்திருக்கும்னு யோசி. அப்புறம், அந்த இடத்துல தண்ணிக்குள்ள இருக்குற கல்லைப் பார்த்தியா?" அவ்வளவுதான், அதற்கப்புறம் பதில் இல்லை.

இறக்கையில் வலை போட்டது மாதிரி மடிப்பு, ஓடையின் வேகமான தண்ணீர். இந்த இரண்டையும் சேர்த்துத் தேடினால் முதலில் வந்து நிற்கும் குடும்பம், பிளெஃபரிசெரிடே. வலை இறக்கை என்பதை வைத்துத்தான் ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர். உலகம் முழுக்க முந்நூறுக்கு மேல் இனங்கள், அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு, ஆனால் எங்கே இருந்தாலும் பாய்ந்து ஓடும் தண்ணீர் பக்கத்தில் மட்டும்தான்.

அந்த மடிப்பு வந்த கதைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. வண்ணத்துப்பூச்சி கூட்டைவிட்டு வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கை சுருங்கி ஈரத்துணி மாதிரி இருக்கும், பூச்சி அதற்குள் உடல் திரவத்தை அனுப்பி மெல்ல மெல்ல விரிக்கும், காயும்வரை காத்திருக்கும், அப்புறம்தான் பறக்கும். பெரும்பாலான பூச்சிகளுக்கும் அதே கதைதான். இந்த ஈயின் கூட்டுப்புழுவோ அடித்துக்கொண்டு ஓடும் தண்ணீருக்குள் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்து உட்கார்ந்து இறக்கையைக் காயவைக்க அங்கே ஏது இடம், ஏது நேரம்? அதனால் கூட்டுக்குள் இருக்கும்போதே இறக்கை முழு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. முழு இறக்கை அந்தச் சின்ன உறைக்குள் அடங்கவேண்டுமே, ஆகவே பாராசூட்டை மடித்துப் பைக்குள் திணிப்பதுபோல் பலவாறு மடிந்து கிடக்கிறது. உறை பிளந்து நீர்ப்பரப்புக்கு வந்ததும் விரித்துக்கொண்டு உடனே பறந்துவிடும். நான் சிலந்தி நூல் என்று ஒதுக்கிய கோடுகள், அந்த இறக்கை மடிந்து கிடந்ததன் தடம்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுகட்டுவது எனக்கு ஒப்பவில்லை, அதுவும் அதை நானே கோட்டைவிட்டுப் பிறர் சொல்லிப் பார்த்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போனேன், இந்த முறை தனியாக, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொண்டு. (இரண்டாவதுதான் முக்கியம்.)

பாறைக்கடியில் ஈ ஒன்றுகூட இல்லை. அக்கா சொன்னபடி தண்ணீருக்குள் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீர் மெதுவாகத் தேங்கிய பக்கத்துக் கற்களில் பாசியும் சேறும்தான். கை வைத்தால் தள்ளிவிடும் வேகத்தில் தண்ணீர் மெல்லிய தகடாக வழிந்த இடத்தில், வழுவழுப்பான கருங்கல்லில், கடுகை வரிசையாகக் கோத்து ஒட்டியதுபோல் ஏதோ இருந்தது. நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. உடம்பு ஆறு துண்டாக இடுங்கியிருந்தது, ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் குட்டைக் கால் மாதிரி ஒரு முளை. நகத்தால் லேசாகத் தொட்டேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து மறுபடி கல்லோடு கல்லாகிவிட்டது. அந்த வேகத் தண்ணீரில் என் செருப்பே நிற்கவில்லை!

இதன் பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டுமே. ஒட்டியிருக்கும்போது மேலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் ஓடைத் தண்ணீரை நிரப்பி, கல்லிலிருந்து புழுவை மெல்ல நெம்பி (நெம்பத்தான் வேண்டியிருந்தது) அதில் விட்டேன். சுவரைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், வயிற்றின் நடுவில் ஒரே வரிசையில் ஆறு வட்டங்கள், வீட்டில் கொக்கி மாட்ட ஓட்டில் ஒட்டுவோமே ரப்பர் கிண்ணம், அச்சு அசல் அதேதான். நகரும்போது முன்பக்க வட்டங்கள் விட்டு ஒட்ட, அப்புறம் பின்பக்க வட்டங்கள் விட்டு ஒட்டின. ஒருபோதும் ஆறும் ஒன்றாக விடவில்லை. ஒவ்வொரு வட்டத்தின் முன்விளிம்பிலும் வி வடிவில் ஒரு வெட்டு உண்டு, தசையால் அதைத் திறந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து பிடி விட்டுப்போகும் என்று பிறகு படித்தேன். 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே குடும்பத்துப் புழுக்களை இழுத்துப் பார்த்து, உடல் எடையைப்போல் பல நூறு மடங்கு விசையைத் தாங்குவதாக வெளியிட்டிருக்கிறார்கள். என் கடுகுமாலை அந்தக் கணக்கைப் படித்ததில்லை, ஆனால் நெம்பிய என் நகத்துக்கு அது தெரியும்.

இரண்டு நிமிடத்தில் திரும்ப அதே கல்லில் விட்டேன். தேங்கிய தண்ணீரில் இவை அதிக நேரம் தாங்காது, குளிர்ந்து, ஆக்சிஜன் நிறைந்து ஓடும் தண்ணீர் வேண்டும். கல்லில் படியும் டயட்டம் என்ற நுண்பாசிகளைச் சுரண்டித் தின்கின்றன. கல்லில் சேறு படிந்தாலோ நூல்பாசி அடர்ந்தாலோ ஒட்டும் வட்டங்களுக்குப் பிடிமானம் போய்விடும். அதனால்தான் தண்ணீரின் சுத்தத்தை அளப்பவர்கள் இதற்குத் தனி மதிப்புத் தருகிறார்கள். அமெரிக்கப் பூச்சியியலாளர் வில்லியம் ஹில்சன்ஹாஃப் 1988இல் வெளியிட்ட அட்டவணையில் ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 0 முதல் 10 வரை எண் உண்டு, கழிவைத் தாங்கும் சக்தி எவ்வளவு என்று. பிளெஃபரிசெரிடேவுக்கு 0. கொஞ்சம்கூடத் தாங்காது என்று அர்த்தம்.

புழுக்களுக்குப் பக்கத்திலேயே கூட்டுப்புழுக்களும் இருந்தன. கறுப்பாக, கவிழ்த்த படகு மாதிரி, அடி தட்டை, மேலே வழவழப்பு. தலைப்பக்கம் இரண்டு சின்னக் கொம்பு. உண்மையில் கொம்பு இல்லை, மெல்லிய தகடுகள் சேர்ந்த மூச்சு உறுப்புகள். நான்கைந்து உறைகள் பிளந்து காலியாக இருந்தன. மீதியில் ஏதாவது ஒன்று என் கண்முன்னால் திறக்காதா என்று ஒரு மணி நேரம் முட்டிவரை தண்ணீரில் நின்றேன். திறக்கவில்லை. கால் மரத்துப்போனதுதான் மிச்சம், மாற்றுச் சட்டையும் நனைந்தது.

கிளம்பும்போது கடைசியாக ஒரு தடவை அந்தப் பாறைக்கடியில் எட்டிப் பார்த்தேன். பழைய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பாறை இடுக்கில் ஒரு சிலந்தி வலை. நடுவில் சாறு உறிஞ்சி எறிந்த சக்கைகள். ஓரத்தில் ஒரே ஓர் இறக்கை, ஒரு நூலில் தொங்கிக் காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. சிலந்தி நூல் என்று முதலில் நான் பழிபோட்டது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது, கடைசியில் சிலந்தியே சாட்சியை எடுத்து வைத்திருக்கிறது. குச்சியால் நூலோடு சுற்றி எடுத்து, உள்ளங்கையில் வைத்து லென்ஸைப் பிடித்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நரம்பு மட்டும்தான் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்ததும் மடிப்புகள் மொத்தமும் எழுந்துவந்தன, நீலமும் பச்சையுமாக. இறக்கையின் பின்பக்க அடி, உடம்போடு சேரும் இடத்தில், நன்றாகப் புடைத்து வெளியே வந்திருந்தது. கிரேன் ஃப்ளையின் இறக்கை அந்த இடத்தில் ஒடுங்கிப்போகும். இது பிளெஃபரிசெரிடேவின் இன்னோர் அடையாளம், இதைப் படத்தில் தேடித் தேடிக் கிடைக்காமல் இருந்தது.

சக்கைகளைக் கிளறியதில் தலை ஒன்றும் கிடைத்தது, அவ்வளவு நல்ல நிலையில் இல்லை. ஆனாலும் உச்சியில் மூன்று தனிக்கண்கள் இருந்தன. கூட்டுக்கண் இரண்டு மாடி வீடு மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது, மேல்மாடியில் பெரிய அறைகள், கீழ்மாடியில் சின்ன அறைகள். இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு அப்படித்தான். பல இனங்களில் பெண் ஈக்கு ரம்பம் மாதிரித் தாடைகள் உண்டு, ஓடைமேல் பறக்கும் சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அதுவும் சிலந்திக்கு இரை, இதில் யாரைக் குறை சொல்வது?

அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். "குடும்பம் சரி. பேரினம்?" என்று திரும்பக் கேள்வி. அங்கேதான் நான் நிறுத்திக்கொண்டேன். பேரினத்துக்கு நரம்பமைப்பைத் துல்லியமாக எண்ணவேண்டும், இனம்வரை போக ஆண் ஈயின் பின்முனை உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். அதற்கு ஒன்றையாவது கொல்லவேண்டும். என் ஆர்வத்துக்கு அது கட்டாது. அக்காவிடம் அப்படியே சொன்னேன். "அப்ப குடும்பத்தோட நிறுத்து, இனம் பேரு போட்டு யாரையும் ஏமாத்தாதே" என்றார். என் குறிப்பேட்டில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: பிளெஃபரிசெரிடே, பேரினம் தெரியாது, ஓர் இறக்கை.

அந்த இறக்கையை ஒரு வெள்ளைத் தாளில் மடித்துத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். நேற்று நண்பன் வந்தான், காட்டினேன். தாளைப் பிரித்துவிட்டு, "எங்கடா, ஒண்ணுமே இல்லையே" என்றான். மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்சம் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன்.